சாவி யார் கையிலே?

2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இரவு. மணி 9-ஐத் தாண்டிவிட்டது. இன்னும் இரண்டே நாளில் தமிழ்நாட்டின் 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். பகலெல்லாம் தெருத்தெருவாக நடந்து வாக்குக் கேட்ட தோழர்கள் வீடு திரும்பி, மறுநாள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் நேரம். எந்தச் சாவடிக்கு எவர் முகவர், எந்தத் தெருவில் எத்தனை வாக்கு — எல்லாக் கணக்கும் வாட்ஸ்அப்பிலே!

அந்த வாட்ஸ்அப் ஊமையாகிவிட்டது.

அனுப்பிய செய்தி போகவில்லை. வர வேண்டிய செய்தி வரவில்லை. கைப்பேசியைத் தட்டிப் பார்த்தனர், அணைத்துப் பார்த்தனர், மாற்றுக் கட்சியினர் செய்த சதியோ என்றுகூட ஐயுற்றனர் சிலர். சதியுமில்லை, சூதுமில்லை. உலகம் முழுவதிலும் வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் மூச்சற்றுக் கிடந்தன. பகைவன் குண்டு வீசினானா? இல்லை. கடலடிக் கம்பி அறுந்ததா? இல்லை. அந்த நிறுவனத்திலே பராமரிப்பு வேலை நடந்தபோது பிறப்பித்த ஓர் ஆணை பிசகிவிட்டது. அவ்வளவுதான்! அந்த ஒரு பிசகால் நிறுவனத்தின் கணினிக் கூடங்களை இணைக்கும் பாதைகள் அத்தனையும் அடைபட்டன. "பேஸ்புக் எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் உலகத்துக்கு முகவரி சொல்லும் பலகையும் மறைந்தது. பழுது பார்க்க வேண்டிய பொறியாளர்கள் கையாளும் கருவிகளும் அதே வலையை நம்பியிருந்தமையால், பூட்டிய வீட்டுக்குள்ளே சாவி இருந்த கதையாயிற்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே! அந்த இரவு இணையம் விழவில்லை. மின்னஞ்சல் போயிற்று. செய்தித் தளங்கள் நடந்தன. விழுந்தது ஒரு வீடு. ஊர் விழவில்லை. அப்படியானால் ஊரே இருண்டதுபோல் நமக்கு ஏன் தோன்றிற்று? ஊரார் அத்தனைபேரும் அந்த ஒரே வீட்டுக்குள் குடியேறிவிட்டோம், அதனால்!

ஊர் பெரிதா, வீடு பெரிதா? வீட்டுச் சாவி யார் கையிலே? இதுதான் இன்று நாம் எழுப்பும் கேள்வி.

இணையம் பிறந்த கதையைச் சற்றே நினைவூட்டுவோம். 1964-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பால் பேரன் என்னும் பொறியாளர் செய்தித் தொடர்புக்கு மூன்று படங்கள் வரைந்து காட்டினார். முதல் படத்திலே நடுவில் ஒரு புள்ளி. எல்லாக் கோடும் அதனிடமே செல்லும். நடுப்புள்ளியை அடித்தால் எல்லாம் செத்தது! இரண்டாம் படத்திலே சில நடுப்புள்ளிகள். மூன்றாம் படத்திலே தலைமைப் புள்ளியே கிடையாது. ஒவ்வொரு முடிச்சும் சுற்றியுள்ள முடிச்சுகளோடு பிணைந்திருக்கும், மீன்வலைபோல. நாகப்பட்டினத்து மீனவத் தோழனைக் கேளுங்கள், சொல்லுவான்: ஒரு கண்ணி அறுந்தால் வலை வீணாகிவிடாது, மற்றக் கண்ணிகள் தாங்கும். செய்தியைச் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரித்து, கிடைத்த பாதையில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கோத்துக்கொள்ளலாம் என்றார் அவர். பிரிட்டனில் டொனால்டு டேவிஸ் என்பாரும் தனியே அதே வழியைக் கண்டார்.

நம் அண்ணன் நம்மைவிட்டுப் பிரிந்தாரே, அந்த 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகக் கணினியிலிருந்து தொலைவிலிருந்த மற்றொரு கணினிக்கு முதற்செய்தி புறப்பட்டது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை அனுப்ப முயன்றனர். இரண்டு எழுத்துப் போனதுமே எந்திரம் நின்றுவிட்டது! அந்த இரண்டெழுத்துக் குழந்தைதான் இன்று உலகளந்து நிற்கிறது. 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவிலே வையவிரிவு வலைக்கு வழி சொன்னார். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், அவர் பணிபுரிந்த செர்ன் ஆய்வுக்கூடம் அந்தக் கண்டுபிடிப்பை உலகத்துக்கே பொதுவுடைமை ஆக்கியது. காசு கேட்கவில்லை. காப்புரிமை கேட்கவில்லை. யாரும் எடுக்கலாம், யாரும் கட்டலாம் என்றது.

இப்படிப் பிறந்தது இணையம்! ஆண்டான் இல்லாமல் பிறந்தது. அடிமை வேண்டாமல் பிறந்தது.

அஞ்சலட்டையை எண்ணிப் பாருங்கள். தென்காசிப் பெட்டியிலே போட்டாலும் திருத்தணிக்குப் போகும். "எங்கள் பெட்டியில் போட்டவருக்கு மட்டுமே எங்கள் தபால்காரர் கொடுப்பார்" என்று எந்த அஞ்சலகமாவது சொன்னதுண்டா? மின்னஞ்சலும் அதே நெறிதான். எந்த நிறுவனத்தில் முகவரி வைத்திருந்தாலும் எந்த நிறுவனத்து முகவரிக்கும் எழுதலாம். ஆனால், இந்தப் பொதுச்சாலையின் ஓரத்திலே சுவர் எழுப்பினர் சில செல்வர்கள். "உள்ளே வா, இலவசம்" என்றனர். போனோம். உறவினர் போனார், ஊரார் போனார், கிளைக்கழகமும் போயிற்று. எல்லோரும் போன பிறகு பார்த்தால், சுவருக்கு வாசல் ஒன்று, வாசலுக்குச் சாவி ஒன்று, சாவி கலிபோர்னியாவிலே!

இலவசம் என்றோமே, அதில் ஒரு கதை உண்டு. ஏழைக்கு இணையம் இலவசம் என்று சொல்லி, தான் பொறுக்கியெடுத்த தளங்களை மட்டும் காட்டும் திட்டத்தோடு பேஸ்புக் நிறுவனம் 2015-இல் இந்தியாவுக்கு வந்தது. ஏழைக்குத் தனிப் பந்தி; பந்தியிலே அவர்கள் வைத்ததுதான் கறி! மக்கள் விழித்துக்கொண்டனர். கம்பியிலே பேதம் கூடாது என்று கேட்டு, அந்த ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போன மடல்கள் 10 லட்சத்துக்கும் மேல். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் ஆணையம் தீர்ப்பளித்தது: தளத்துக்குத் தளம் வேறு வேறு கட்டணம் கூடாது! சாமான்யரின் மடல் கோடீசுவரரின் விளம்பரத்தை வென்ற நாள் அது. முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கு இந்த ஒரு சான்று போதும்.

ஆயினும் பாதை பொதுவாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. டீக்கடையிலே கைப்பேசியைக் காட்டிக் காசு கொடுக்கிறோமே, அந்த யுபிஐ 2016-இல் வந்தது. எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் போகும், நல்ல பொதுப்பாதை. ஆனால் அந்தப் பாதையிலே ஓடும் வண்டிகளைப் பாருங்கள்! நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் போன்பே, கூகுள் பே என்னும் இரண்டே வண்டிகளில். எவரும் நூற்றுக்கு 30-க்கு மேல் போகக்கூடாது என்று 2020-இல் விதி செய்தனர். விதி இருக்கிறது, தவணைமேல் தவணை கொடுத்து 2026 இறுதிவரை அதைத் தள்ளியும் வைத்தனர். சாலை நம்முடையது, சவாரி இரண்டு முதலாளிகளுடையது!

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போருக்கு 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் விடை தந்தது. குஜராத்திலே வாடினார் என்னும் ஊரில் நயாரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஆண்டுக்கு 2 கோடி டன் திறன் உள்ளது. அதிலே ரஷ்ய நிறுவனம் ஒன்றுக்கு 49 விழுக்காட்டுக்கு மேல் பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆலையைத் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. சில நாட்களிலே, காசு கொடுத்து வாங்கியிருந்த மைக்ரோசாப்ட் சேவைகள் அந்த ஆலைக்கு நிறுத்தப்பட்டன. சட்டம் ஐரோப்பாவுடையது, நிறுவனம் அமெரிக்காவுடையது, ஆலை நிற்பது இந்திய மண்ணிலே! டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். மாத முடிவிலே சேவை திரும்பியது. ரஷ்ய எண்ணெய்க்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. எண்ணெய் ஆலைக்கே இந்தக் கதி என்றால், ஈரோட்டுச் சாயப்பட்டறைக்கும் சிவகாசி அச்சகத்துக்கும் எந்தக் கதி என்றுதான் கேட்கிறோம்.

உடனே எழுந்து நிற்கிறார் டில்லி தேசபக்தர். "பார்த்தீர்களா! அதனால்தான் சொல்கிறோம், சாவியை அந்நியனிடம் விடாதீர், எங்களிடம் கொடுங்கள்" என்கிறார்.

கொடுக்கலாமா? கொடுத்த சாவியை இவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்துவிட்டல்லவா கொடுக்க வேண்டும்!

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் காஷ்மீரின் இணையத்தைத் துண்டித்தனர். முழு வேகத்துடன் அது மீண்டது 2021 பிப்ரவரியிலே, ஒன்றரை ஆண்டு! இடையிலே, 2020-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம், காலவரம்பற்ற துண்டிப்புச் சட்டத்துக்கு ஒவ்வாது, ஆணைகளை வெளியிட்டாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, பழக்கம் போகவில்லை. ஆக்சஸ் நவ் என்னும் உரிமை அமைப்பின் கணக்குப்படி, 2018 முதல் 2023 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து உலகிலே அதிக முறை இணையத்தை அணைத்த நாடு இந்தியா. 2024-இல் 84 முறை. அந்த ஆண்டு இந்தியாவை முந்தியது 85 முறை அணைத்த மியன்மா ஒன்றுதான். இராணுவ ஆட்சி நடக்கும் நாட்டோடு போட்டி போடுகிறது, உலகின் பெரிய மக்களாட்சி! ராஜஸ்தானிலே, தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்க என்று 2021-இல் மாவட்டம் மாவட்டமாக இணையத்தையே நிறுத்தினார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவோரை நாம் என்னவென்று அழைப்பது?

நம் வீட்டுக் கதையும் உண்டு. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்கா இந்தியரை விலங்கிட்டு விமானமேற்றி அனுப்பியதைக் குறித்து விகடன் ஒரு கேலிப்படம் வெளியிட்டது. பிப்ரவரி 15-ஆம் நாள் அதன் தளமே முடங்கிற்று. முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று அப்போது விகடன் தெரிவித்தது. ஒரே ஒரு படத்துக்காக ஒரு நிறுவனத்தின் முழுத்தளமும் மூடப்பட்டது! மார்ச் 6-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. அந்தப் படத்தை மட்டும் விலக்கிவைத்துத் தளத்தைத் திறக்கச் சொன்னது. நெருக்கடி நிலைக் காலத்திலே தணிக்கையாளர் செய்தியைப் படித்துச் சிவப்புக் கோடாவது போட வேண்டியிருந்தது. இன்று படிக்கவே வேண்டாம். டில்லியிலே விரலசைத்தால் தமிழனின் கண்ணிலே திரை விழும்.

கலிபோர்னியாவும் வேண்டாம், டில்லியும் வேண்டாம். "அப்படியானால் சாவியைச் சென்னைக்கு வாங்கிக்கொள்வோம்" என்பீர்கள்.

இங்கேதான், தோழர்களே, கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாவியின் ஒரு படி சென்னையிலும் இருக்கிறது! மாநில உள்துறைச் செயலாளரும் இணையத்தை நிறுத்த ஆணையிடலாம் என்பது நடைமுறையிலுள்ள விதி. 2018-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் தூத்துக்குடியிலே துப்பாக்கி வெடித்தது. 13 உயிர்கள் மாண்டன. மறுநாள் என்ன செய்தார்கள்? தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை அணைத்தார்கள். மருத்துவமனையிலே கிடப்பது யார், பிணக்கிடங்கிலே கிடப்பது யார் என்று மக்கள் துடித்துத் தேடும் நேரத்திலே அணைத்தார்கள். அணைத்தது டில்லியல்ல, சென்னைக் கோட்டையிலிருந்து வந்த ஆணை.

அன்று நாம் கொதித்தோம். கொதித்தது சரி. ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: நமக்கு ஆகாதவன் பக்கம் முடக்கப்பட்டால் நம்மில் சிலர் கைதட்டுவதில்லையா? "அவன் தளத்தைத் தடை செய்" என்று நம் தோழர்களே எழுதுவதில்லையா? இன்று அவன் வாய்க்குப் பூட்டுப் போட நாம் செய்து கொடுக்கும் சாவி, நாளை நம் வாயிலும் திரும்பும். பூட்டுக்குக் கட்சி தெரியாது, தோழனே! பழிச்சொல் பேசியவன்மீது வழக்கிடு. கலகம் மூட்டியவனை நீதிமன்றத்திலே நிறுத்து. அதற்குச் சட்டம் உண்டு. ஆனால், ஒருவன் செய்த குற்றத்துக்கு ஊர் முழுவதன் நாக்கையும் அறுக்கும் உரிமை எவருக்கும் வேண்டாம். நாம் ஆட்சியிலிருந்தாலும் வேண்டாம். எதிர்வரிசையில் இருந்தாலும் வேண்டாம்.

மாநில சுயாட்சி என்று நாம் முழங்குவதன் பொருள் என்ன? டில்லியிலிருக்கும் சிம்மாசனத்தைத் தூக்கிவந்து சென்னையிலே போடுவதா? அல்லவே! சிம்மாசனமே தேவையில்லாதபடி அதிகாரத்தைப் பகிர்ந்து, மாநிலத்துக்கும், மாநிலத்திலிருந்து ஊராட்சிக்கும், ஊராட்சியிலிருந்து குடிமகனுக்கும் கொண்டு சேர்ப்பதுதான் சுயாட்சி. 1969-இல் கழக அரசு இராசமன்னார் குழுவை அமைத்ததும் இந்த நோக்கத்தோடுதான். அஞ்சலும் தந்தியும் தொலைபேசியும் வானொலியும் அவைபோன்ற தொடர்புகளும் டில்லிக்கே என்று அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலிலே 31-ஆம் இனம் சொல்லுகிறது. எழுதிய காலத்திலே அது தந்தியைப் பற்றிய வரி. இன்று அதே வரியின் நிழலிலே உழவனின் சந்தை விலையும், மாணவனின் பாடமும், தொழிலாளியின் கூலியும், ஏட்டின் குரலும் வந்து சிக்கிக்கொண்டன.

பகிர்ந்தால் குழப்பம் வரும் என்பார்கள். வரவில்லையே! இணையத்தின் முகவரிப் பதிவேட்டையே பாருங்கள். பெயரைச் சொன்னால் எண்ணைக் காட்டும் அந்தப் பதிவேட்டின் வேர்ப்படிகளை 12 அமைப்புகள் பகிர்ந்து நடத்துகின்றன. உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அவை இருக்கின்றன. ஒன்று நின்றால் மற்றொன்று தாங்கும். அதன்மீது அமெரிக்க அரசுக்கு இருந்த மேற்பார்வை ஒப்பந்தமும் 2016-ஆம் ஆண்டு செப்டம்பரோடு முடிந்தது. நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு இன்னும் கலிபோர்னியச் சட்டத்தின்கீழ்தான் என்பது குறை. அந்தக் குறையை மறைக்கவில்லை. ஆனால் அரசுகளும் பொறியாளரும் வணிகரும் பொதுமக்களும் ஒரே மேசையில் அமரும் முறை அங்கே நடக்கிறது. அந்தப் பதிவேட்டிலே தமிழெழுத்துக்கும் இடம் உண்டு: 2010-இல் இலங்கை, 2011-இல் இந்தியா, சிங்கப்பூர் ஆகிய பெயர்கள் தமிழிலேயே முகவரி முடிவுகளாக ஏறின. பகிர்ந்த இடத்திலே தமிழுக்கும் பாய் விரிக்கப்பட்டது.

ஆகவே நாம் கேட்பன நான்கு.

ஒன்று: சுவருக்கு வாசல் பல வேண்டும். ஒரு செயலியிலிருந்து மற்றொரு செயலிக்குச் செய்தி போக வழி செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டமியற்றி, பெரு நிறுவனங்களின் செய்திச் செயலிகள் மற்றவற்றுக்குக் கதவு திறந்தாக வேண்டும் என்றது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

இரண்டு: தளத்தை முடக்குமுன் உரியவருக்கு அறிவிப்பு வேண்டும், காரணம் எழுத்திலே வேண்டும், அந்த ஆணை மக்கள் பார்வைக்கு வர வேண்டும். வட்டாரம் முழுவதற்கும் இணையத்தை அணைக்கும் அதிகாரத்தைச் செயலாளரின் மேசையிலிருந்து எடுத்து, நீதிபதியின் அனுமதிக்கு உட்படுத்த வேண்டும்.

மூன்று: 31-ஆம் இனத்தின் ஏகபோகம் தளர வேண்டும். மாநிலத்தின் வலை மாநிலத்துடையதாக வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் பணியை மாநில அரசின் நிறுவனம் மேற்கொண்டது. கேரளம் 2023-இல் தனக்கென ஒரு வலையையே திறந்தது. கம்பி ஊராட்சிக்கு வந்தால் போதாது. கம்பியின்மீது உரிமையும் வர வேண்டும்.

நான்கு: அரசு அலுவலகமும் பள்ளியும் எவர் வேண்டுமானாலும் திறந்து பார்க்கத்தக்க மென்பொருளில் நடக்க வேண்டும். கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கின்றன. நாளை எவனோ கதவை மூடினாலும் பாடம் நிற்காது.

இவை அரசுகளிடம் கேட்பன. கழகத் தோழரிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் கிளையின் உறுப்பினர் பட்டியல் எங்கே இருக்கிறது? வாட்ஸ்அப் குழுவிலா, கையேட்டிலா? நம் பொதுக்கூட்டப் படங்களும், தலைவர்களின் உரைகளும், போராட்டச் செய்திகளும் எங்கே இருக்கின்றன? பேஸ்புக்காரன் கொடுத்த பக்கத்திலா, நாமே கட்டிய தளத்திலா? அவன் திண்ணையிலே உட்கார்ந்து பேசுவோம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நம் பெட்டியை அவன் வீட்டில் வைத்துவிட்டு வரலாமா?

மூத்த தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1976-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. தோழர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போயினர். யார் யார் கைதானார் என்று அச்சிடத் தணிக்கை தடை போட்டது. பிப்ரவரி 3, அண்ணன் நினைவு நாள். அன்று முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது: அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்களின் பெயர்கள்! தணிக்கையாளருக்குப் புரியவில்லை, தமிழ்நாட்டுக்குப் புரிந்துவிட்டது. எங்கே என் பிள்ளை என்று தவித்த தாய்க்கு விடை கிடைத்தது.

அந்த அறிவுக்கூர்மையைப் புகழ்கிறோம். அதோடு இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பட்டியல் வெளிவந்தது எதனால்? எழுதும் கை நம்முடையது, அச்சுக்கோத்த கை நம்முடையது, அச்சுப்பொறி நம்முடையது, சைக்கிளிலே ஏட்டைக் கட்டிக்கொண்டு போன தோழனும் நம்மவன். வழியெங்கும் நம் கண்ணிகள் இருந்தன; ஒன்றை அறுத்தாலும் வலை தாங்கிற்று.

அந்த வலையை மீண்டும் பின்னுவோம். சாவி ஒருவன் கையிலே இருந்தால் அவன் ஆண்டான். ஊரார் கையிலெல்லாம் இருந்தால் ஆண்டானும் இல்லை, அடிமையும் இல்லை.